கல்லீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி: அல்ட்ராசவுண்ட் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: "மனைவிக்கு 38 வயது. சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று வயிற்று ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல் இருக்கிறதாம். கூடவே கல்லீரலின் வலது மடலில் 2.1 செ.மீ. அளவில் 'ஹைப்பர்எக்கோயிக் லீஷன், ஹீமாஞ்சியோமா?' என்று கேள்விக்குறி போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள் என்கிறார். இன்னொருவர் சி.டி. எடுக்கச் சொல்கிறார். சதை எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். வெறும் அல்ட்ராசவுண்டை வைத்து இது சாதாரணக் கட்டிதான் என்று சொல்ல முடியுமா? கட்டி வெடித்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?"

ஸ்கேன் அறையில் உட்கார்ந்து அந்தக் கேள்விக்குறியைப் போடுகிற ஆட்களில் நானும் ஒருவன். அதனால் முதலில் நேரடியான பதில்: பல பேருக்குச் சொல்ல முடியும். சிலருக்குச் சொல்லவே கூடாது. திரையில் தெரிகிற படம் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். படத்தைக் காட்டிலும் அந்தக் கல்லீரல் யாருடையது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. உங்கள் மனைவியின் ரிப்போர்ட்டில் 'யாருடைய கல்லீரல்' என்ற அந்த இரண்டாவது பாதி இல்லை. டாக்டர்கள் இருவரும் வேறு வேறு சொல்வதற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

ஹீமாஞ்சியோமா என்பது ரத்தக் குழாய்களால் ஆன கட்டி. கல்லீரலில் வரும் புற்றுநோய் அல்லாத கட்டிகளில் இதுதான் மிகச் சாதாரணம். பிணப் பரிசோதனை ஆய்வுகளில் 0.4 முதல் 20 சதவீதம் பேருக்கு இருந்ததாகப் பதிவுகள் உண்டு. எண்கள் இவ்வளவு விலகி நிற்பதற்குக் காரணம், எவ்வளவு நுணுக்கமாகத் தேடினார்கள் என்பதுதான். பெண்களிடம் அதிகம், பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் கண்ணில் படுகிறது. மாஸ்டர் செக்கப்புக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத்தான் தெரியவரும். உங்கள் கதை அப்படியே அந்த அச்சில் இருக்கிறது.

'ஹைப்பர்எக்கோயிக் லீஷன்' என்றால் எதிரொலி அதிகமாக வந்து திரையில் வெள்ளையாகத் தெரியும் இடம். அது ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? அல்ட்ராசவுண்ட் என்பது எதிரொலியைப் படமாக்கும் வேலை. ஒலி ஒரு பொருளிலிருந்து வேறு தன்மையுள்ள இன்னொரு பொருளுக்குள் நுழையும் எல்லையில் ஒரு பகுதி திரும்பி வரும். ஹீமாஞ்சியோமாவுக்குள் ரத்தம் நிறைந்த சின்னச் சின்ன அறைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. அறைகளுக்கு இடையில் மெல்லிய சுவர்கள். ஒவ்வொரு சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் கட்டி முழுவதும் பளிச்சென்று வெளுத்துத் தெரிகிறது. அதே நேரத்தில் ரத்தம் ஒலியை அதிகம் விழுங்காது. அதனால் கட்டிக்குப் பின்னால் இருக்கும் கல்லீரல் பகுதியும் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். பித்தப்பைக் கல் இதற்கு நேர் எதிர். தனக்குப் பின்னால் கருப்பு நிழலைப் போடும். ஒரே ஸ்கேனில் உங்கள் மனைவிக்கு இரண்டும் கிடைத்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், முழுக்க முழுக்க ரத்தத்தால் ஆன இந்தக் கட்டியில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. உள்ளே ரத்தம் அவ்வளவு மெதுவாக நகர்கிறது. டாப்ளர் பிடிக்கக்கூடிய வேகத்துக்குக் கீழே. 'ரத்தக் குழாய்க் கட்டி என்கிறார்கள், டாப்ளரில் ரத்த ஓட்டம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள், முரணாக இருக்கிறதே' என்று ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. முரண் இல்லை. அது ஹீமாஞ்சியோமாவுக்கு ஆதரவான செய்தி.

ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இடத்தில் தெளிவாகப் பேசுகிறது. கல்லீரல் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். கட்டி 3 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். ஒரே சீரான வெண்மை, கத்தரித்த மாதிரி கூர்மையான ஓரம், பின்னால் ஒலி கூடுதல், சுற்றிலும் கருப்பு வளையம் இல்லாமை ஆகிய எல்லாம் சேர்ந்திருந்தால் அல்ட்ராசவுண்டே போதும். சி.டி. வேண்டாம், தொடர் ஸ்கேனும் வேண்டாம். இதில் நான் முதலில் தேடுவது அந்தக் கடைசி அடையாளத்தைத்தான். வெள்ளைப் புள்ளியைச் சுற்றிக் கருப்பு வளையம் இருந்தால் கையில் இருக்கும் ப்ரோப் அங்கேயே நின்றுவிடும். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய்க்கும் கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்க்கும் அந்த வளையம் வரக்கூடிய ஒன்று. ஹீமாஞ்சியோமாவுக்குச் சில சமயம் ஓரம் மட்டும் வெளுத்து நடு கருத்திருப்பது உண்டு. அது வேறு. ரிப்போர்ட்டில் ஓரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், எழுதியவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

இப்போது அந்த இரண்டாவது பாதி. இதே 2.1 செ.மீ. வெள்ளைப் புள்ளி, இதே கூர்மையான ஓரத்தோடு, 52 வயது ஆணின் கல்லீரலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பல வருடமாக ஹெபடைடிஸ் பி. நான் ஹீமாஞ்சியோமா என்று எழுதிவிட்டு எழுந்து போக முடியாது. கல்லீரலில் தோன்றும் புற்றுநோய் சிறிதாக இருக்கும்போது அதன் செல்களில் கொழுப்பு சேர்ந்து, அல்ட்ராசவுண்டில் அச்சு அசலாக வெள்ளையாகத் தெரியலாம். ஹெபடைடிஸ் பி இருப்பவர்களுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப் போவது) வராமலேயே நேரடியாகப் புற்றுநோய் வரவும் வாய்ப்பு உண்டு. சிரோசிஸ் வந்து சுருங்கிய கல்லீரலில் புதிதாக ஒரு கட்டி தெரிந்தால், வேறு விதமாக நிரூபணமாகும் வரை அதைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். இன்னொருவர் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர் என்றால் அவருக்கும் இதே கதிதான். பெருங்குடல், சிறுநீரகம், நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும்) கட்டிகளிலிருந்து கல்லீரலுக்குப் பரவுபவை வெள்ளையாகத் தெரியக்கூடியவை.

ஆகவே உங்கள் மனைவிக்கு அடுத்த சோதனை சி.டி. அல்ல, ரத்தப் பரிசோதனை. ஹெபடைடிஸ் பி, சி பார்த்தாகிவிட்டதா? பித்தப்பை அறுவைக்குப் போவதாக இருந்தால் எப்படியும் பார்ப்பார்கள். குடிப்பழக்கம், சர்க்கரை, முன்பு எந்த உறுப்பிலாவது புற்றுநோய், குடும்பத்தில் கல்லீரல் நோய் இவற்றில் எதுவும் உண்டா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் முதல் டாக்டர் சொன்னது சரி. ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் இரண்டாவது டாக்டர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏ.எஃப்.பி. என்ற ரத்தச் சோதனையைச் சிலர் தாங்களாகவே எடுத்துவிட்டு, நார்மல் என்று நிம்மதி அடைகிறார்கள். கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களில் கணிசமான பேருக்கு அது நார்மலாகவே இருக்கும். அதை வைத்து எதையும் தள்ளுபடி செய்ய முடியாது.

ஃபேட்டி லிவர் வந்தால் கணக்கு மாறும். கல்லீரல் முழுவதும் கொழுப்பு ஏறி அதுவே வெளுத்துப்போனால், வெள்ளை ஹீமாஞ்சியோமா அந்தப் பின்னணியில் மறைந்துவிடும், அல்லது கருப்பாகவே தெரியும். வழக்கமான அடையாளம் போய்விட்டதால், கருப்பாகத் தெரிவதை அல்ட்ராசவுண்ட் மட்டும் வைத்து ஹீமாஞ்சியோமா என்று அடித்துச் சொல்ல முடியாது. கொழுப்பு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். பித்தப்பையை ஒட்டிய இடத்தில் கல்லீரலின் ஒரு துண்டு மட்டும் கொழுப்பு ஏறாமல் தப்பித்து நிற்கும். அந்த இடத்துக்கு ரத்தம் வருகிற வழி வேறாக இருப்பதே காரணம். திரையில் அது கருப்புக் கட்டி போல இருக்கும். எதிர்மாறாக, கல்லீரலை இரண்டாகப் பிரிக்கும் தசைநார் ஓரத்தில் ஒரு துண்டில் மட்டும் கொழுப்பு சேர்ந்து வெள்ளைக் கட்டி போலத் தெரியும். இரண்டுமே கட்டி அல்ல. ரத்தக் குழாய் ஒன்று அந்த இடத்தின் நடுவே வளையாமல், நசுங்காமல் தன் பாட்டுக்குப் போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கட்டியாக இருந்தால் குழாயை ஒதுக்கித் தள்ளியிருக்கும்.

நீர்க்கட்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய சுவர், உள்ளே சுத்தக் கருப்பு, பின்னால் வெளிச்சம். அல்ட்ராசவுண்ட் சி.டி.யை விட நன்றாகச் சொல்லும் சில விஷயங்களில் இதுவும் ஒன்று. ஒரே ஒரு எச்சரிக்கை: உள்ளே தடுப்புச் சுவர்களோ, தாய்க் கட்டிக்குள் குட்டிக் கட்டிகளோ, உரிந்து மிதக்கும் சவ்வோ தெரிந்தால் அது ஹைடடிட் கட்டியாக இருக்கலாம். நாய் வழியாக வரும் நாடாப்புழுவின் வேலை அது. ஆடு மாடு வளர்க்கும் பகுதிகளில் நம் நாட்டிலும் பார்க்கிறோம். அதில் யோசிக்காமல் ஊசியைக் குத்தினால் உள்ளிருக்கும் நீர் கசிந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். காய்ச்சலும் வலியுமாக வருபவருக்குக் கல்லீரலில் ஏதாவது தெரிந்தால் நான் முதலில் நினைப்பது சீழ்க்கட்டியை. கட்டிகளின் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

அல்ட்ராசவுண்ட் உண்மையிலேயே திணறுவது வேறு இரண்டு கட்டிகளிடம். முதலாவது ஃபோக்கல் நாடுலர் ஹைப்பர்பிளேசியா. டாக்டர்கள் சுருக்கமாக எஃப்.என்.எச். என்பார்கள். ஹீமாஞ்சியோமாவுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் சாதாரணக் கட்டி இது. கல்லீரல் செல்களே கொஞ்சம் ஒழுங்கு மாறி வளர்ந்திருப்பதால், சுற்றியுள்ள கல்லீரலின் அதே சாம்பல் நிறத்தில் இருக்கும். பக்கத்துக் குழாய் வளைந்திருப்பதையோ மேற்பரப்பு புடைத்திருப்பதையோ வைத்துத்தான் பல சமயம் சந்தேகமே வரும். நடுவில் தழும்பு ஒன்று இருக்கும். டாப்ளரில் நடுவிலிருந்து ஆரம் ஆரமாகக் குழாய்கள் கிளம்புவது தெரிந்தால் அதிர்ஷ்டம். இது புற்றுநோயாக மாறுவதில்லை, ரத்தக் கசிவும் மிக அரிது. இதுதான் என்று உறுதியானால் எதுவும் செய்ய வேண்டாம்.

இரண்டாவது அடினோமா. பெயர் சாதுவாக இருந்தாலும் 'சாதாரணக் கட்டி' என்ற கூட்டத்தில் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய உறுப்பினர் இதுதான். கருத்தடை மாத்திரைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1973இலேயே மருத்துவ இதழில் வெளிவந்துவிட்டது. இன்று ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டும் இதே வேலையைச் செய்கிறது. கிளைகோஜன் சேமிப்புக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கும் வளர்ந்த பிறகு வரலாம். 5 செ.மீ.க்கு மேல் போனால் உள்ளுக்குள் ரத்தம் கசியும் அபாயம் கூடும். சில மரபணு வகைகள் புற்றுநோயாக மாறும். ஆண்களுக்கு அந்த அபாயம் அதிகம் என்பதால், ஆணுக்கு அடினோமா என்று உறுதியானால் அளவைப் பார்க்காமல் எடுத்துவிடவே சொல்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் இதற்கென்று சொந்த முகம் கிடையாது. கொழுப்பு அதிகமுள்ள வகை வெள்ளையாகத் தெரிந்து ஹீமாஞ்சியோமாவாகவே நடிக்கும். எனவே உங்கள் மனைவி கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ வருடக்கணக்கில் எடுத்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாதவிடாய்ப் பிரச்சினைக்கு எடுத்த மாத்திரையும் இதில் சேரும். ஸ்கேன் எடுக்கும் அவசரத்தில் இதை யாரும் கேட்பதில்லை என்பது எங்கள் தொழிலின் குறை.

சாதாரண அல்ட்ராசவுண்ட் தயங்கும் இடத்தில் அதே இயந்திரத்தை வைத்துக்கொண்டே ஒரு படி மேலே போக வழி இருக்கிறது. கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட். நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு அடைத்த நுண்குமிழிகளைக் கை நரம்பில் செலுத்துவார்கள். சராசரி விட்டம் சுமார் 2.5 மைக்ரான், சிவப்பணுவை விடச் சிறியது. கல்லீரலுக்கு வழக்கமான அளவு 2.4 மி.லி., அரை தேக்கரண்டிகூட இல்லை. குமிழி ரத்தக் குழாயை விட்டு வெளியே கசியாது. ஒலி பட்டதும் சுருங்கி விரிந்து தனி ஓசை எழுப்பும். அந்த ஓசையை மட்டும் பிரித்தெடுத்தால் ரத்தம் எந்த வழியாக, எந்த நொடியில் கட்டிக்குள் நுழைகிறது என்பது நேரடிக் காட்சியாகத் தெரியும். ஒலியின் பலம் அதிகமானால் குமிழிகள் உடைந்துவிடும் என்பதால் மிகக் குறைந்த சக்தியில் ஓட்டுவோம். வேலை முடிந்ததும் வாயு மூச்சுக்காற்றோடு வெளியே போய்விடும். சிறுநீரகத்துக்கு இதில் வேலையே இல்லை. சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவருக்கும், சி.டி.யின் அயோடின் மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கும் இது பெரிய வசதி. இந்த மருந்துக்கும் ஒவ்வாமை வரலாம். 23,000க்கு மேற்பட்ட வயிற்றுப் பரிசோதனைகளைத் தொகுத்த இத்தாலிய ஆய்வொன்றில் தீவிரமான பாதிப்பு வந்தது இரண்டே பேருக்கு.

கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது என்பதுதான் இந்தச் சோதனையின் சூட்சுமம். ஊசி போட்ட 10 முதல் 20 நொடிக்குள் தமனி வழியே குமிழிகள் வந்துசேரும். முக்கால் நிமிடத்துக்குள் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வருவது மேலோங்கும். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு வருவது கடைசிக் கட்டம். ஹீமாஞ்சியோமாவில் முதலில் ஓரத்தில் மட்டும் அங்கங்கே மொட்டு மொட்டாக ஒளி வரும். பிறகு அவை நடுவை நோக்கி மெல்ல நகர்ந்து நிரப்பும். கோலத்தை வெளிக்கோட்டிலிருந்து உள்நோக்கி நிரப்புவது போல இருக்கும். எஃப்.என்.எச். இதற்குத் தலைகீழ்: நடுவில் பற்றிக்கொண்டு சில நொடிக்குள் வெளியே பரவிவிடும். இந்தப் பரவலைக் கண்ணால் பிடிக்க 3 செ.மீ.க்குக் குறைவான கட்டிகளே வசதி. பெரிய கட்டிகளில் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பியது போலத் தெரியும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான நேரம் கடைசிக் கட்டம். சாதாரணக் கட்டி சுற்றியுள்ள கல்லீரலுக்குச் சமமாகவோ அதைவிடப் பிரகாசமாகவோ நின்றுகொண்டிருக்கும். புற்றுநோயில் போர்ட்டல் சிரையின் வரத்து இல்லாததால் குமிழிகள் கழுவிக்கொண்டு போய், கட்டி கருத்துவிடும். பரவி வந்த புற்றுநோய் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருக்கத் தொடங்கும். கல்லீரலின் சொந்தப் புற்றுநோய் தாமதமாக, லேசாக மங்கும். அதனால்தான் அவசரப்படாமல் நான்கு ஐந்து நிமிடம் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடினோமா இங்கேயும் வம்பு செய்யும். சில அடினோமாக்கள் கடைசிக் கட்டத்தில் கருத்து, புற்றுநோய் போலவே தெரியும்.

ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 1,349 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டின் துல்லியம் 90.3 சதவீதம் என்று 2008இல் வெளியானது. சாதாரண அல்ட்ராசவுண்டில் முடிவு தெரியாதபோது இதைப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2012இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் கல்லீரலுக்கு இதை அனுமதித்ததே 2016இல்தான். நம் பக்கம் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில்தான் கிடைக்கும். கிடைக்காத ஊரில், தேவை ஏற்பட்டால், என் தேர்வு சி.டி. அல்ல, கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. ஹீமாஞ்சியோமா அதில் விளக்கு எரிவது போல ஒளிரும், கதிர்வீச்சும் இல்லை. எஃப்.என்.எச்.சா அடினோமாவா என்ற வழக்கைத் தீர்க்கவும் கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் தனி மருந்தோடு எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் கை கொடுக்கும். வசதியும் செலவும் பார்த்து சி.டி.தான் முடியும் என்றால், மூன்று கட்டமாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரே கட்டமாக எடுத்த சி.டி. பணம் செலவானதற்குச் சாட்சியே தவிர, கேள்விக்குப் பதில் ஆகாது.

அல்ட்ராசவுண்டுக்குக் குருட்டு இடங்களும் உண்டு. கல்லீரலின் உச்சி உதரவிதானத்துக்கு அடியில், விலாவுக்கும் நுரையீரலுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. 'மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, இடது பக்கம் திரும்பிப் படுங்க' என்று படுத்துவது அதை வெளியே கொண்டுவரத்தான். உடல் பருமனும் கனத்த ஃபேட்டி லிவரும் ஒலியை வழியிலேயே விழுங்கிவிடும். பார்ப்பவரின் கையும் முக்கியம். கையோடு கொடுக்கிற நாலு படங்களை வைத்து வேறொருவர் முடிவு சொல்வது கடினம். வெளியூர் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் ஃபிலிமை அனுப்பி மறுகருத்துக் கேட்பதில் பெரிய பலன் இல்லை. இன்னொரு கருத்து வேண்டுமென்றால் இன்னொருவரிடம் மறுபடி ஸ்கேன் எடுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் இருந்தால், பிரசவ காலத்தில் வயிறு முழுவதும் பார்த்ததாக இருந்தாலும் சரி, தேடி எடுத்துப் போங்கள். ஐந்து வருடத்துக்கு முன் அதே இடத்தில் அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால் அதற்கு இணையான சோதனை கிடையாது.

சதை எடுத்துப் பார்ப்பது பற்றி. ஹீமாஞ்சியோமா என்று படத்தில் தெளிவாகத் தெரிவதற்கு பயாப்சி தேவையே இல்லை. ரத்தம் நிறைந்த கட்டியில் தேவையில்லாமல் ஊசி குத்துவானேன்? எல்லாப் படங்களும் பார்த்த பிறகும் குழப்பம் தீராத கட்டிக்குத்தான் அது. கட்டி தானாக வெடிப்பது மருத்துவ இதழில் தனிச் செய்தியாக எழுதும் அளவுக்கு அரிது. அப்படி எழுதப்பட்டவையும் பெரும்பாலும் பெரிய கட்டிகள். 2 செ.மீ. கட்டிக்கு வலிக்காது. சாப்பிட்டதும் வலது பக்கம் வலிக்கிறது என்றால் குற்றவாளி பித்தப்பைக் கல்தான். அதற்கான வைத்தியத்தை இந்தப் புள்ளியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்.

ஹீமாஞ்சியோமாவைக் கரைக்க மாத்திரை எதுவும் கிடையாது, உணவுக் கட்டுப்பாடும் கிடையாது. கீழாநெல்லியும் அதைத் தொடாது. கல்லீரலைச் 'சுத்தம்' செய்வதாக விற்கப்படும் பொடிகளைச் சாப்பிட்டு, நன்றாக இருந்த கல்லீரலைக் கெடுத்துக்கொண்டு வருபவர்களையும் நாங்கள் இதே ஸ்கேன் மேசையில்தான் பார்க்கிறோம்.

அறுவை மருத்துவரிடம் இந்தக் கட்டி இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்க இது பொதுவாகத் தடையில்லை. ஹீமாஞ்சியோமாவுக்காகக் கர்ப்பத்தைத் தவிர்க்கவோ கருத்தடை மாத்திரையை நிறுத்தவோ தேவையில்லை என்பதே அந்த 2016 வழிகாட்டுதலின் நிலை. அடினோமாவாக இருந்தால் மட்டும் மாத்திரையை உடனே நிறுத்தி, உடல் எடையைக் குறைத்து, ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.